கீல் பூசிய பெட்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. பிள்ளைகளைக் கர்த்தருடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஜெபத்தில் சொல்லுகிறோம். சொல்லி முடித்து, முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்த பிறகு என்ன செய்வது? ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தக் கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: ஆயர் ஐயா, எங்கள் ஒரே மகன் ஆகஸ்ட் மாதம் சென்னையில் பொறியியல் படிக்கச் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறான். அவனை அனுப்பும்போது குடும்பமாக முழங்காற்படியிட்டு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தோம். ஆனாலும் இரவில் என் கைபேசியில் அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி விடுதிக்குள் வந்து நின்றால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. ஒருநாள் இரவு பதினொன்றரை வரை அது தாம்பரத்திலேயே நின்றது, நான் அழுதுவிட்டேன். ஒப்புக்கொடுத்த பிறகும் பயப்படுவது அவிசுவாசம் என்கிறார் என் கணவர். நான் விசுவாசமில்லாதவளா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொன்னதையே நானும் ஒரு காலத்தில் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தது எங்கள் மூத்த மகளின் முதல் ரயில் பயணம்.

அது கைபேசி வராத காலம். மதுரை ஜங்ஷனில், பாண்டியன் எக்ஸ்பிரஸில், குடும்பத்தோடு வந்திருந்த பெண்கள் பக்கத்து இருக்கையில் இருப்பதைப் பார்த்து அவளை உட்காரவைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்து அனுப்பிவிட்டு வந்தேன். காலையில் எழும்பூரில் இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் அடுத்த வீட்டு எண்ணுக்குப் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு மணிக்கே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மணி அடித்தபோதெல்லாம் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பேசினார்கள். பத்து மணிக்கு அந்த வீட்டம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு, சாப்பிட்டுவிட்டாவது காத்திருங்கள் ஐயா என்றார். ஒன்றேகாலுக்கு மகள் பேசினாள். விடுதிக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டுச் சற்றுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எழுதிவைத்திருந்த பிரசங்கம், ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்ற பிலிப்பியர் நிருப வசனத்தின்மேல் அமைந்திருந்தது. அதை மாற்ற நேரமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பேசி முடித்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளையை ஒப்புக்கொடுத்த தாய்மார்களில் மோசேயின் தாயாகிய யோகெபேத்தைப்போல் வேறு வழியே இல்லாமல் ஒப்புக்கொடுத்தவள் யாரும் இல்லை. எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளை ஆற்றில் போட்டுவிடும்படி எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் கட்டளையிட்டிருந்தான். அவள் மூன்று மாதம் ஒளித்துவைத்தாள், அதற்குமேல் முடியவில்லை. அப்பொழுது அவள் செய்ததை யாத்திராகமம் இரண்டாம் அதிகாரம் ஒரு தச்சரின் கவனத்தோடு சொல்லுகிறது: நாணற்பெட்டியை எடுத்தாள், தண்ணீர் புகாதபடி அதற்குப் பிசினும் கீலும், அதாவது தாரும், பூசினாள், பிள்ளையை அதிலே கிடத்தினாள், நதியோரமாய் நாணலுக்குள்ளே வைத்தாள். ஆற்றில் விடுவதென்று ஆகிவிட்ட பிறகு பெட்டி ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவள் இருந்துவிடவில்லை. நடு ஆற்று ஓட்டத்திலும் அதை விடவில்லை. கீல் பூசுவது அவள் கைவேலை. அதை அவள் குறைவில்லாமல் செய்தாள். பார்வோனுடைய குமாரத்தியின் மனதை இரங்கப்பண்ணுவது அவள் கையில் இல்லாத வேலை. அதில் அவள் கைவைக்கவும் இல்லை. ஒப்புக்கொடுத்தல் என்று நாம் சொல்லுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

அதே இடத்தில் இன்னொரு வசனம் இருக்கிறது. குழந்தையின் தமக்கை தூரத்திலே நின்றுகொண்டிருந்தாள். எதற்காக என்றால், ‘அதற்கு என்ன சம்பவிக்கும் என்பதை அறியும்படி’. இதை வேதம் அவிசுவாசம் என்று எங்கும் குறை சொல்லவில்லை. அவள் அங்கே நின்றிருந்ததனால்தான் பெற்ற தாயையே பால்கொடுக்கக் கூட்டிவர முடிந்தது. ஆகவே உங்கள் நீலப் புள்ளியை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். தமக்கை தூரத்திலே நின்றாள் என்பதை மட்டும் கவனியுங்கள். பெட்டியைப் பிடித்த கையை எடுக்காமல் கழுத்தளவு தண்ணீரில் விடிய விடிய நிற்பது வேறு காரியம். அப்படி நிற்கிறவளுக்கும் பலன் இல்லை, பெட்டிக்குள் இருக்கிற பிள்ளைக்கும் பலன் இல்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மகனுக்குத் தெரியுமா என்று கடிதத்தில் எழுதவில்லை. தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்; பதினெட்டு வயதுப் பையனை அவனுக்குத் தெரியாமல் கண்காணிப்பது, பிறகு அவன் உண்மை சொல்லவேண்டிய நாளில் உங்களுக்கும் அவனுக்கும் நடுவே சுவராக நிற்கும். விடுதிக்குத் திரும்பியதும் ஒரு வரி அனுப்பிவிடு, நான் படுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அந்த வரி வந்தபின் கைபேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். தாம்பரத்தில் அன்று என்ன நடந்தது என்று அவனைக் கேட்டீர்களா? எனக்கென்னவோ நண்பர்களோடு புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதில் இயேசுவை எருசலேமில் தவறவிட்ட மரியாளும் யோசேப்பும், உறவின்முறையாருடன் வருகிறார் என்று நினைத்து ஒருநாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். மூன்று நாளைக்குப் பின்பு தேவாலயத்தில் கண்டபோது, ‘உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே’ என்றாள் தாய். தேவதூதன் நேரில் வந்து வாக்குக் கொடுத்திருந்த பிள்ளை அது. அப்படியிருந்தும் விசாரம் இருந்தது. அதை லூக்கா மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

அன்னாளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்ட மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்தில் விட்டுவந்த பின், வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்லுகிறது. அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. சென்ற ஆண்டு எவ்வளவு உயரம், இந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதில் கணக்குப் போட்டுத்தான் துணியை வெட்டியிருப்பாள். மதுரைப் புதுமண்டபத்தில் தையற்கடைகள் இருந்த காலத்தில், பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால், வளர்கிற பிள்ளை என்று தையற்காரரே உள்மடிப்பைக் கூடுதலாக விட்டுத் தைப்பார். அன்னாளும் அப்படி விட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். நீங்கள் தீபாவளி விடுமுறைக்கு அவன் வருவதற்குள் அவனுக்குப் பிடித்த பருப்புப் பொடியை இடித்து வையுங்கள். இரவு பதினொன்றரைக்குக் கைபேசியை வெறித்துப் பார்ப்பதைவிட அது நல்ல வேலை.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன், திடப்படுத்தல் பெற்றவன். இப்பொழுது ஆலயத்துக்குப் போவதில்லை. கிறிஸ்மஸ் அன்றும் வீட்டிலேயே இருந்துவிட்டான். ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்’ என்ற வசனத்தைச் சொல்லி, அப்படியானால் வளர்ப்பில்தான் எங்கோ பிழை என்கிறார் எங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர். நான் எங்கே தவறினேன்?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: அந்தக் கமிட்டி உறுப்பினருக்கு வயதுவந்த பிள்ளைகள் இல்லை என்று ஊகிக்கிறேன்.

சகோதரரே, அந்த வசனம் வருகிற நீதிமொழிகள் என்பது ஞானிகள் உலகத்தைப் பார்த்துச் சொன்ன சொற்கள். பொதுவாக இப்படி நடக்கும் என்பதைச் சொல்லுவது அதன் இயல்பு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்போல் அதை வாசிக்கக்கூடாது. ‘விளையும் பயிர் முளையிலேயே தெரியும்’ என்று நாம் சொல்லுவதும் உண்மைதான். அதற்காக மழை பொய்த்த ஆண்டில் பயிர் கருகினால் விவசாயியின் விதைப்பில் பிழை என்று யாரும் சொல்லுவதில்லை. அந்த வசனத்தைக் கணக்குச் சூத்திரமாக்கினால் வேதத்தில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். சாமுவேலைவிட உத்தமமான ஊழியக்காரன் யார்? அவனுடைய குமாரர் யோவேலும் அபியாவும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்று 1 சாமுவேல் 8 சொல்லுகிறது. ஆசாரியனாகிய ஏலியைக் குமாரரை அடக்காமற்போனதற்காகக் கடிந்துகொண்ட அதே புத்தகம், சாமுவேலை அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தகப்பனுடைய பிழையால் கெடும் பிள்ளைகளும் உண்டு. தகப்பனுடைய பிழை இல்லாமலே தங்கள் வழியில் போகும் பிள்ளைகளும் உண்டு. உங்களுடையது எது என்று உசிலம்பட்டியில் இருக்கிற கமிட்டியால் தீர்மானிக்க முடியாது. உங்கள் மனச்சாட்சி குறிப்பாக ஏதாவது ஒன்றைச் சொல்லுமானால், ஊராரிடம் அல்ல, மகனிடமே அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், இல்லாத குற்றத்தைத் தோண்டி எடுக்கவேண்டாம்.

பரிசுத்த அகஸ்டினின் தாய் மோனிக்காவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் அதிகம் பேசப்படாத இரண்டு இடங்கள் உண்டு. வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டு பிறந்த அகஸ்டின், இளம் வயதில் மானிக்கேயர் என்ற கூட்டத்தாரோடு சேர்ந்து திருச்சபையை விட்டு விலகியிருந்தார். தாய் ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடி அவனைத் திருத்துங்கள் என்று கெஞ்சினாள். அந்த ஆயரே சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் வளர்ந்து வெளியே வந்தவர், இருந்தும் மறுத்துவிட்டார். இப்பொழுது அவன் காதில் ஏறாது, அவனை விடு, அவனுக்காக ஜெபம்மட்டும் செய், வாசித்து வாசித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். அவள் அழுது விடாமல் கெஞ்சவே, சற்றுச் சலித்துப்போய், போம்மா, இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்று அனுப்பிவைத்தார். அந்தக் கடைசி வார்த்தையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வாதாட மறுத்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது இடம் இன்னும் கசப்பானது. 383-ஆம் ஆண்டு அகஸ்டின் ரோமுக்குப் புறப்பட்டபோது, தாய் அவரை விடாமல் துறைமுகம் வரை வந்தாள். காற்று வரும்வரை நண்பனை வழியனுப்ப நிற்கிறேன் என்று பொய் சொல்லி, பக்கத்திலிருந்த இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் அவளை இரவு தங்கவைத்துவிட்டு, மகன் கப்பலேறிவிட்டார். மகன் போகக்கூடாது என்பதுதான் அந்த இரவு முழுவதும் அவள் செய்த ஜெபம். காலையில் கரையில் நின்று கதறினாள். ரோமிலிருந்து மிலானுக்குப் போன மகன் அங்கேதான் அந்த ஊர் ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்டார். 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளில் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். அவள் எப்போதும் கேட்டதைக் கொடுக்கும்படியாகவே அன்றிரவு கேட்டதைத் தேவன் மறுத்தார் என்று அகஸ்டின் பின்னாளில் எழுதினார். உங்கள் மகன் கதையும் இப்படியே முடியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பெங்களூர் ரயில் ஏறியதனால் அவன் தேவனுடைய எல்லையைத் தாண்டிவிட்டான் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

அவன் வீட்டுக்கு வரும்போது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிரசங்கம் வேண்டாம். குடும்ப ஜெபத்தை வழக்கம்போல் நடத்துங்கள். அவன் உட்கார்ந்தால் உட்காரட்டும், எழுந்து மாடிக்குப் போனால் போகட்டும். ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி, அவன் காதில் விழும்படி ஆண்டவரிடம் முறையிடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதேயுங்கள். அது ஆண்டவருக்குச் செய்யும் ஜெபம் அல்ல என்பது அவனுக்கும் தெரியும்.

கேள்வி: எங்கள் எட்டு வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வலிப்பு வருகிறது. மாத்திரை கொடுத்துவருகிறோம், ஏழு மாதமாக வரவில்லை. எங்கள் வீட்டில் நடக்கும் உபவாச ஜெபத்துக்கு வரும் சகோதரி ஒருவர், சுகம் கிடைத்துவிட்டது, இனிமேலும் மாத்திரை கொடுப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பது என்று சொல்லி நிறுத்தச் சொல்லுகிறார். மாமியாரும் அதையே சொல்லுகிறார். நிறுத்தலாமா?
(வாசகி, மேலூர்)

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நிறுத்தியிருந்தால், உடனே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், விடாத தொடர் வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. ஏழு மாதமாக வலிப்பு வரவில்லை என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் மருத்துவர்கள் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். அப்பொழுதும் பல வாரங்கள், மாதங்களாகச் சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். ஒழுங்காக மருந்து எடுக்கிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு கட்டுப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இதற்கும் தேவனுக்கு நன்றி சொல்லலாம், நான் சொல்லுவேன்.

மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் இயேசுவிடம் கொண்டுவந்தான். ஆண்டவர் அவனிடம் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: ‘இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?’ பெரியாஸ்பத்திரிப் புறநோயாளர் சீட்டை நீட்டினால் மருத்துவர் கேட்கிற அதே கேள்வி. அந்தத் தகப்பனுக்கு முழு விசுவாசமும் இருக்கவில்லை. ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று அழுதான். பாதி விசுவாசத்தோடு வந்தவனை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் சகோதரி மட்டும் உங்களிடம் முழு விசுவாசத்தை, அதுவும் ஒரு குழந்தையின் மூளையைப் பணயமாக வைத்து, கேட்கிறார். நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

நம் பகுதி வரலாற்றையும் சொல்லலாம். 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் நோய்களுக்குத் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்தார்கள். 1845-இல் கொடைக்கானல் மலைமேல் வீடு கட்டிக்கொண்டு, வெயில் காலத்தில் பிள்ளைகளோடு அங்கே ஏறிப்போனார்கள். கடல் தாண்டிச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்று சொல்லுவோமா?

மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கழுத்துப் பக்கம் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, தண்ணீர், துணி எதையும் வைக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். ஜெபக் கூட்டத்தை நிறுத்தவேண்டாம். மாத்திரை கொடுக்கும் நேரத்தைக் குடும்ப ஜெப நேரத்தோடு சேர்த்துவிட்டால், இரண்டும் மறக்காது.

கேள்வி: மகள் ஏழாம் மாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்தபோது, பிழைத்தால் முழுநேர ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். இப்பொழுது அவள் பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. படிக்கவேண்டும் என்கிறாள். பொருத்தனையை மீறிய பாவம் எங்கள்மேல் வருமா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: பொருத்தனை செய்தது நீங்கள், சி.ஏ. படிக்கப்போகிறவள் அவள். யெப்தா செய்த பொருத்தனையின் விலையைக் கொடுத்தது அவன் மகள் என்பதை நியாயாதிபதிகள் புத்தகம் எவ்வளவு துயரத்தோடு சொல்லுகிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். லேவியராகமம் 27-ஆம் அதிகாரம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழியையும் வைத்திருக்கிறது. பொருத்தனையாக நேர்ந்துகொண்ட ஆளை மதிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பெண் பிள்ளைக்கு மூன்று சேக்கல் வெள்ளி. அவசரத்திலும் பயத்திலும் மனிதர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள் என்பது நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தவருக்குத் தெரியும். அன்னாள் சாமுவேலைக் கொடுத்தாள் என்பீர்கள், ஆனாலும் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் சாமுவேலைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று அவனே பதில் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் ஆயரிடம் இதை ஒருமுறை மனம்விட்டுச் சொல்லி, ஒரு காணிக்கையைச் செலுத்திவிட்டு, மகளின் சி.ஏ. விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுங்கள். நம் சபைகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன், பயபக்தியுள்ள ஒரு தணிக்கையாளர் எங்களுக்கு மிகவும் தேவை.

கேள்வி: எங்கள் மகள் டாக்டராவாள் என்று ஒரு கூட்டத்தில் தேவ ஊழியர் ஒருவர் பெயர் சொல்லித் தீர்க்கதரிசனம் சொன்னார். நம்பி இரண்டு முறை நீட் எழுதினாள். இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. ஜூனுக்குப் பிறகு அவள் யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மூன்றாம் முறை எழுதவைப்பதா, ஆண்டவருடைய வேளைக்குக் காத்திருப்பதா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் நீட் தேர்வு ஒன்பது முறை வருகிறது, மகள் சாப்பிடவில்லை என்பது ஒரே வரியில் வருகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. நான்கு மாதமாகப் பேசாமலும் சாப்பிடாமலும் இருக்கிற பெண்ணை இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு தலைமை மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது, இரவும் பகலும் இலவசமாகப் பேசுவார்கள், தமிழிலும் பேசுவார்கள். செத்துப்போகலாம்போல் இருக்கிறதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாதேயுங்கள்.

தீர்க்கதரிசனத்தைப் பற்றி: உபாகமம் 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் மிகவும் தெளிவானது. சொன்ன காரியம் நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அந்தத் தீர்க்கதரிசி துணிகரத்தினால் சொன்னான், ‘அவனுக்கு நீ பயப்படவேண்டாம்’. இதை மகளோடு உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். ஆண்டவரையே தோற்கடித்துவிட்டோம் என்ற பாரத்தை அந்தப் பெண் சுமந்துகொண்டிருக்கலாம். 720 மதிப்பெண் கொண்ட ஒரு தேர்வில் அவள் தேவனுடைய நாமத்தைக் காப்பாற்றவேண்டியதில்லை என்று தகப்பன் வாயால் அவள் கேட்கவேண்டும். மூன்றாம் முறையா, வேறு படிப்பா என்பதை அவள் பேசத் தொடங்கிய பிறகு அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகன் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். நான்கு வயது. ஒருநாளும் தவறாமல் அவனை ஆண்டவர் கையில் கொடுத்துத்தான் தூங்கவைப்பேன். கொடுத்த பிள்ளையை அவர் ஏன் காப்பாற்றவில்லை? ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டான் என்று ஆறுதல் சொல்லுகிறார்கள். எனக்குத்தானே அவன் தேவைப்பட்டான்?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என் மேசையில் ஐந்து வாரமாக இருந்தது. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆண்டவருக்குத் தேவைப்பட்டான் என்று நானும் முற்காலத்தில் அடக்க ஆராதனைகளில் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்லுவதில்லை. வேதத்தில் எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை. யோபு, தன் பிள்ளைகளின் விருந்து நாட்கள் முடியும்போதெல்லாம் அவர்களுக்காக அதிகாலையில் எழுந்து பலி செலுத்தியவன். பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்தான். அவனுடைய சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். பெத்லகேமில் பிள்ளைகளை இழந்தவர்களைச் சொல்லும்போது மத்தேயு, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள் என்று எழுதி, அதோடு விட்டுவிடுகிறார். ஆறுதலடையாதிருக்க அவளுக்கு உரிமை உண்டு.

ஒன்றை மட்டும் நான் நம்பிச் சொல்லக்கூடும். இரவுதோறும் நீங்கள் அவனைக் கொடுத்த கை, உங்களிடமிருந்து வாங்கிக் கீழே போட்டுவிட்ட கை அல்ல. சிலுவையில் தன் சொந்தக் குமாரனைப் பார்த்துக்கொண்டிருந்தவருடைய கை அது. நீங்கள் அவரிடம் கோபப்படலாம். சங்கீதங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. ஜெபிக்க முடியாத நாளில் ஜெபிக்கவேண்டாம். மற்றவர்கள் ஜெபிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருங்கள், போதும்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததையும் பார்த்தேன். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில், அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை மட்டும்தான் உங்கள் ஆலயத்தில் வாசிப்பார்களாம். முதல் ஆண்டு உங்களால் ஆலயத்துக்கு வரவே முடியவில்லை, அதனால் அவன் பெயர் வாசிக்கப்பட்டபோது நீங்கள் கேட்கவில்லை. இந்த ஆண்டு அவன் பெயரையும் வயதையும் ஒரு சீட்டில் எழுதி, முந்தின ஞாயிறே உங்கள் ஆயரிடம் கொடுங்கள். மூன்று ஆண்டு ஆயிற்றே, வழக்கம் இல்லையே என்று அவர் தயங்கினால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.